அடைத்து வைத்த பேச்சு

சிவகாசிப் பக்கம் போயிருக்கிறீர்களா? விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, மிளகாய் நெடியும் எண்ணெய் வாசனையும் கலந்து வீசும் கடைத்தெருவைத் தாண்டித் தென்மேற்கே சென்றால் அந்தக் கந்தக பூமி வந்து விடும். மழை பொய்த்துப் பயிர் பொய்த்த மண் அது. 1920-களின் தொடக்கத்தில் ஐய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வெளிநாட்டுத் தீக்குச்சியை நம்பியிருந்த தேசத்துக்குச் சுதேசி நெருப்பைத் தந்த ஊர் சிவகாசி. பின்னர் பட்டாசு வந்தது, அச்சுத் தொழில் வந்தது, 'குட்டி ஜப்பான்' என்ற பெயரும் வந்தது.

அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் மருந்தின் குணம் தெரியும். (அங்கே 'மருந்து' என்றால் வைத்தியர் கொடுப்பது அல்ல; வெடிக்குள் போவது.) திறந்த வெளியில் கொட்டிக் கிடக்கும் கருமருந்து நெருப்புப் பட்டால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். அதே மருந்தைக் காகிதத்துக்குள் இறுக்கிச் சணல் சுற்றி அடைத்து வைத்தால்தான் காது செவிடாகும்படி வெடிக்கும். ஆகையினால்தான் மருந்து கையாளும் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கலாகாது என்றும், ஓடித் தப்புவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் வேண்டும் என்றும் விதி செய்திருக்கிறார்கள்.

வேலை செய்யும் இடத்தில் இத்தனை வாசல் வைக்கத் தெரிந்த நாம், வீட்டுக்குள் ஒரு விஷயத்தை மட்டும் வாசலே இல்லாத அறையில் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். அதைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்ள உத்தேசம். சங்கோசப்படும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் வயதான தகப்பனார் இருப்பார்; ஆகையால் கோபித்துக்கொண்டாவது கடைசி வரை படித்து விடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தம்பதியை நாமாகவே கற்பனை செய்து கொள்வோம். அவர்களுக்குப் பெயர் வைக்கப் போவதில்லை. அவருக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் ஒரு பட்டாசு ஆலையில் கணக்குப் பார்த்தவர். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தாறு. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே வீட்டில். அவருக்கு இரவில் நாலைந்து முறை எழுந்திருக்க வேண்டியிருந்தது. 'வயசானால் அப்படித்தான்' என்று இரண்டு வருஷம் போயிற்று. கடைசியில் இரத்தப் பரிசோதனையும் சதைப் பரிசோதனையும் செய்தார்கள். பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் கைகுலுக்கி, 'நல்லபடியாக முடிந்தது' என்று அனுப்பி வைத்தார். உறவினர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்து பார்த்துப் போனார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதையும் செலுத்தியாயிற்று.

மூன்றாம் மாதம் அவர் தம் கட்டிலைத் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று காரணம் சொன்னார். மாதமோ மார்கழி!

அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாம் ஏதோ முகம் சுளித்ததை அவர் கண்டுவிட்டாரோ என்று எண்ணிக்கொண்டார். அவரோ, தாம் இனி ஒரு புருஷன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி அற்றவர் என்று எண்ணிக்கொண்டு தாழ்வாரத்து விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். உயிர் பிழைத்த வீட்டில் இழவு விழுந்த வீட்டின் மௌனம்.

இந்த மௌனத்தின் உடற்கூற்றுக் காரணத்தை முதலில் தெரிந்துகொள்வோம்.

பிராஸ்டேட் என்பது மூத்திரப் பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி. விந்துவில் சேரும் நீரின் ஒரு பகுதி அங்கே உண்டாகிறது. அதன் இரு புறத்தையும் ஒட்டினாற்போல் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. ஆண்குறி விறைப்பதற்கு மூளையிலிருந்து போகும் உத்தரவு அந்த நரம்புகளின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். சுரப்பியை அறுத்து எடுக்கும்போது நரம்பு அறுபட்டாலோ, இழுபட்டாலோ உத்தரவு பாதியில் நின்றுபோகும். ஆசை இருக்கும், அன்பு இருக்கும், உடம்பு மட்டும் கேளாது.

இந்த நரம்புகள் எங்கே போகின்றன என்பதே வெகுகாலம் வரை சரியாகத் தெரியாமல் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். அறுவை செய்துகொண்ட அநேகமாக எல்லோருமே அந்தச் சக்தியை இழந்தார்கள்; இது சிகிச்சைக்குக் கொடுக்க வேண்டிய விலை என்று வைத்தியர்களும் இருந்துவிட்டார்கள். 1981-இல் அமெரிக்க டாக்டர் பாட்ரிக் வால்ஷ் ஹாலந்து தேசத்தில் லைடன் நகரில் பீட்டர் டாங்கர் என்னும் ஓய்வு பெற்ற பேராசிரியரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து அந்த நரம்புகளின் பாதையைக் கண்டு குறித்தார்கள். மறு வருஷமே, 1982-இல், நரம்புகளை ஒதுக்கிவைத்துச் சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையை வால்ஷ் கையாண்டார். இன்று நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இந்த முறை உண்டு. ஆனால் நோய் நரம்பைத் தொட்டுவிட்டால் நரம்பையும் எடுக்கத்தான் வேண்டும், உயிர்தான் முதல்.

நரம்பைக் காப்பாற்றினாலும் அது உடனே விழித்துக்கொள்வதில்லை. அடிபட்ட நரம்பு தேற மாதங்கள் ஆகும். இரண்டு வருஷம் வரைகூட ஆகலாம். மூன்றாம் மாதமே கட்டிலைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிய நம் நண்பருக்கு இதை யாரும் சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை.

கதிர்வீச்சு சிகிச்சையின் போக்கு வேறு. அது அன்றே அடிப்பதில்லை. இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் மெல்ல மெல்லத் தாக்குவதால், குறை வருஷங்கள் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு.

பிரிட்டனில் நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த 1,643 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் மூன்று பிரிவாகப் பிரித்து நீண்ட காலம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை. ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சும் அதனோடு சில மாத ஹார்மோன் மருந்தும். மூன்றாம் பிரிவுக்கு உடனே சிகிச்சை இன்றிக் கண்காணிப்பு மட்டும். 2016-இல் வெளியான கணக்கின்படி, ஆரம்பத்தில் நூற்றுக்கு 67 பேர் தாம்பத்தியத்துக்குப் போதிய விறைப்பு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மாதத்தில் அது கண்காணிப்பில் இருந்தவர்களிடம் 52 ஆகவும், கதிர்வீச்சுப் பிரிவில் 22 ஆகவும், அறுவைப் பிரிவில் 12 ஆகவும் இறங்கியது. ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது 30, 27, 17. கண்காணிப்பில் இருந்தவர்களிடமும் இவ்வளவு இறங்கியதற்கு வயது ஒரு காரணம். அவர்களில் பலர் பிறகு சிகிச்சைக்கு மாறியது மற்றொரு காரணம். பதினைந்து வருஷ முடிவு 2023-இல் வந்தது. எந்தப் பிரிவாக இருந்தாலும் நூற்றுக்கு 97 பேர் இந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை!

இந்தக் கணக்கில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, ஆரம்ப நிலையில் கண்ட நோயாக இருந்தால் முடிவு செய்வதற்கு அவகாசம் இருக்கிறது; புருஷனும் மனைவியும் டாக்டருக்கு முன் உட்கார்ந்து, எந்தச் சிகிச்சை எதை எடுத்துக்கொள்ளும், எதை விட்டுவைக்கும் என்று நிதானமாகக் கேட்கலாம். மற்றொன்று, இந்தக் குறை எங்கோ ஒருவருக்கு வந்த அவமானம் அல்ல. சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு நேர்வது. தாழ்வாரத்தில் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவர் தாம் ஒருவரே என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நிற்க. நம் நாட்டில் பலருக்கு நோய் சுரப்பியைத் தாண்டிப் பரவிய பிறகே தெரிய வருகிறது. அவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை கொடுக்கிறார்கள். ஆண் ஹார்மோன்தான் இந்தப் புற்றுக்குத் தீனி என்பதை 1941-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற வைத்தியர் நிரூபித்தார்; அதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தீனியை நிறுத்துவதற்கு விரைகளை அகற்றும் சிறிய அறுவை ஒரு வழி. மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் போடும் ஊசி மற்றொரு வழி. ஊசிக்குச் செலவு அதிகம், தொடர்ந்து போட வேண்டும் என்பதால் அறுவையை ஏற்பவர்களும் உண்டு.

இந்தச் சிகிச்சையில் உடம்பு மட்டுமல்ல, ஆசையே அடங்கிப் போகிறது. திடீர் திடீரென்று உடம்பு காந்துகிறது, வியர்க்கிறது. எடை கூடுகிறது. மார்பு சற்றுப் பருப்பதும் உண்டு. எலும்பு மெலிகிறது. கல் நெஞ்சர் என்று பெயர் வாங்கியவர் பேத்தியின் பள்ளிக்கூடத்துக் கதையைக் கேட்டுக் கண் கலங்குகிறார். வீட்டார், 'அப்பா முன்னைப்போல் இல்லை' என்கிறார்கள். அது குணக்கேடு அல்ல; மருந்தின் வேலை. மாதவிடாய் நின்ற காலத்தில் இதே காந்தலையும் இதே கண்ணீரையும் தனியாக அனுபவித்தவர் ஒருவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால், 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று விசிறியை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

இதில் நுட்பமான ஒரு நஷ்டம் இருக்கிறது. நம் ஆண்களில் பலர் மனைவியைத் தொடுவதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் பழகி வைத்திருக்கிறார்கள். அந்தக் காரணம் போனதும் தொடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். கையைப் பிடித்தால் அவள் மேற்கொண்டு எதையேனும் எதிர்பார்ப்பாளோ, எதிர்பார்த்து ஏமாறுவாளோ என்ற பயம். அந்தப் பயத்தில் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்வதும் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுப்பதும் நிற்கிறது. சிகிச்சை எடுத்துக்கொண்டது ஒன்று. பயம் எடுத்துக்கொண்டது மற்றதெல்லாம்.

மனைவியின் பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? அவருக்கும் இது ஒரு நோய்தான். ஆனால் அவர் பெயருக்குச் சீட்டு எழுதுவோர் இல்லை. சிலருக்கு இழப்பு உண்மையாகவே துக்கம் தருகிறது. அதை வெளியே சொன்னால், 'இந்த வயதிலா?' என்று சிரிப்பார்களே என்று விழுங்கிவிடுகிறார்கள். வேறு சிலருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து ஒரு குற்ற உணர்ச்சி. இரண்டில் எது என்று புருஷன் தாமாக ஊகித்துக்கொள்ளக் கூடாது. கேட்டால்தான் தெரியும். ஒரே கூடத்தில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் எங்கே கேட்பது என்றால், திருத்தங்கல் கோயிலுக்குப் போகிற வழியில் கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் இரட்டை ஆசனத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

இது பேசக்கூடிய விஷயமா என்று ஐயுறுவோருக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் பாப் டோல் என்ற செனட்டர் இருந்தார். உலக யுத்தத்தில் குண்டடி பட்டு வலக்கை விளங்காமல் போன வீரர். 1996-இல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர். அவருக்கு 1991-இல் இந்தப் புற்றுநோய்க்காக அறுவை நடந்தது. 1998-இல், தமக்கு நேர்ந்த இந்தக் குறையையும், அதற்காகப் புதிய மாத்திரை ஒன்றைச் சோதனை நிலையிலேயே உட்கொண்டதையும் ஊரறியத் தொலைக்காட்சியில் சொன்னார். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அதுவரை வாய் திறவாதிருந்தவர்களுக்குத் தங்கள் டாக்டரிடம் கேட்க ஒரு துணிச்சல் பிறந்தது. யுத்த வீரருக்கு இதில் அவமானம் இல்லையென்றால் நமக்கென்ன?

நம் நாட்டிலும் பேசக் கூடாததைப் பேசியவர்களால்தான் நன்மை விளைந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையைச் சட்டசபையில் பேசியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அதே அம்மையார்தான், அந்த வியாதியின் பெயரைச் சொல்லவே ஜனங்கள் அஞ்சிய காலத்தில், அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுவதற்குக் காரணமானார். 1952-இல் நேருஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-இல் சிகிச்சை தொடங்கியது. புற்றுநோய் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கற்றுக்கொண்டோம். அதற்கு அடுத்த வார்த்தையை நாமாகக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

இனி, செய்யக் கூடியவை.

சிகிச்சைக்கு முன்பே இருவருமாக டாக்டரைப் பாருங்கள். 'நரம்பைக் காப்பாற்ற முடியுமா? தாம்பத்தியத்துக்கு என்ன ஆகும்? சிறுநீர் கசியுமா?' என்ற மூன்று கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். வாயால் கேட்கும் கூச்சம் மிச்சம். சிறு வயதினராக இருந்து, குழந்தை வேண்டுமென்ற எண்ணம் இருந்தால், விந்துவைச் சேமித்து வைப்பதைப் பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டும். சுரப்பியை எடுத்த பிறகு விந்து வெளிவராது. ஆனால் இன்ப உணர்ச்சி வேறு, விறைப்பு வேறு, விந்து வேறு. பின்னிரண்டும் இல்லாமலே முதலாவது பலருக்குக் கிட்டுகிறது. இதை அறியாமலே வாழ்நாளைக் கழித்தவர்கள் அநேகர்.

சிறுநீர்க் கசிவுக்கு, மூத்திரத்தை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உண்டு. காசு செலவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம். கசிவுக்குப் பயந்தே விலகிப் படுப்பவர்களுக்கு இது பாதி வைத்தியம்.

விறைப்புக்கு மாத்திரைகள் உண்டு. பலிக்காவிடில் காற்றை உறிஞ்சும் குழாய்க் கருவி உண்டு, ஊசி உண்டு, உள்ளே பொருத்தும் சாதனமும் உண்டு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது; இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. ஆகையால், மாதம் ஒரு முறை லாட்ஜில் அறை எடுத்து, 'இழந்த ஆண்மையை மீட்டுத் தருவேன்' என்று நோட்டீஸ் போடும் மகானுபாவர்களிடம் போக வேண்டாம். அவர்கள் தரும் லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பகவானுக்கே வெளிச்சம். விருதுநகரிலேயே 2022 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்குள்ள டாக்டர்கள் இதைவிடச் சங்கோசமான கேள்விகளைத் தினம் கேட்டவர்கள்.

மற்றொரு பயமும் வேண்டாம். புற்றுநோய் தொற்று வியாதி அல்ல. கணவனிடமிருந்து மனைவிக்கு அது வராது.

இவ்வளவும் செய்தும் பழைய நிலை திரும்பாமற் போகலாம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நியாயம். சிவகாசி வட்டாரத்தில் இப்படிப்பட்டவரைப் பற்றி, 'நமத்துப்போன வெடி' என்று கேலி பேசும் வாய்கள் இருந்தால், அவர்களுக்கு ஒரு பதில்: வெடிக்காதது எல்லாம் வீணல்ல. தீபாவளியன்று வெடிச் சத்தம் தெருவுக்கு. வீட்டுக்குள் குழந்தை கையில் கொடுப்பது கம்பி மத்தாப்பு. அதில் சத்தமே கிடையாது. வெளிச்சம் மட்டும் உண்டு.

நம் கற்பனைத் தம்பதியைத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு வந்தோம். அங்கே திரும்பிப் போவோம். ஒரு நாள் இரவு, மகனும் மருமகளும் விருந்துக்குப் போயிருந்த சமயம், அந்த அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கட்டிலண்டை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னங்க, எம்மேல ஏதும் கோவமா?"

"ஒம்மேல என்ன கோவம்? நாந்தான் ஒனக்கு ஒண்ணுக்கும் ஆகாதவனாப் போயிட்டேன்."

"அதுக்கா கட்டிலத் தூக்கி வெளிய போட்டீங்க? நான் அதையா கேட்டேன்? முப்பத்தஞ்சு வருசமா ஒங்க மூச்சுச் சத்தத்தக் கேட்டுப் படுத்துட்டேன். அது கேக்காம எனக்கு ஒறக்கம் வரல."

அவர் பதில் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து, டாக்டரிடம் அடுத்த தடவை நீயும் வருகிறாயா என்று கேட்டார்.

வெடி எதுவும் வெடிக்கவில்லை. திறந்த வெளியில் எரிந்த மருந்துபோல், மூன்று மாதத்துப் பயம் ஒரு நிமிஷத்தில் அடங்கிப் போயிற்று. நரம்பு தேறியதா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. அது டாக்டரின் கணக்கு. மறுநாள் காலையில் கட்டில் உள்ளே போய்விட்டது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்தவர்கள் பத்திரிகையை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட வேண்டாம். இந்தப் பக்கம் தெரியும்படியாகவே ஊஞ்சல் பலகைமேல் போட்டுவிட்டுப் போங்கள். எடுத்துப் பார்க்க வேண்டியவர் எடுத்துப் பார்ப்பார்.